மெஷின் பக்கத்துல நிக்குற ஆளை யாரு வரைஞ்சா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 22 வருஷமா ஸ்பின்னிங் மில்லுல ஷிப்ட் பாக்குறேன். பையன் போன்ல மனுஷனும் மெஷினும்னு படம் தேடினான், எல்லாமே நீலக் கலர்ல ஒரு ரோபோ கை மனுஷ விரலைத் தொடுற படம்தான் வருது. மெஷின்கிட்ட நின்னு வேலை பாக்குறவனை யாராச்சும் வரைஞ்சிருக்காங்களா? (வாசகர், கோவை)

பதில்: இருக்குங்க அண்ணா, அதுவும் நாலு சுவரு முழுக்க. அமெரிக்காவுல டெட்ராய்ட் ஆர்ட் மியூசியத்துல மெக்சிகோ ஓவியர் டியகோ ரிவேரா வரைஞ்சது, மொத்தம் 27 படங்க. 1932 ஏப்ரல்ல அந்த ஊருக்கு வந்தவரு வந்ததும் பிரஷ்ஷ எடுத்துடல, ஃபோர்டு கம்பெனியோட ரிவர் ரூஜ் ஃபேக்டரிக்குள்ள வாரக்கணக்குல சுத்தி, எந்த மெஷின் எப்படி ஓடுது, அதுகிட்ட நிக்குறவன் இடுப்பு எப்படி வளையுது, கால எங்க ஊன்றான்னு பாத்துப் பாத்து ஸ்கெட்ச் போட்டாரு. அப்புறம்தான் ஈரக் காரை மேலயே கலர் பூசுற ஃப்ரெஸ்கோ வேலைய ஆரம்பிச்சு 1933 மார்ச்சுல முடிச்சாரு.

வடக்குச் சுவத்துல வி8 எஞ்சின் செய்யுற வேலை, ஆளுங்க வரிசையா சாஞ்சு தள்றாங்க, இழுக்குறாங்க, தலைக்கு மேல கன்வேயர் வளைஞ்சு வளைஞ்சு போகுது, ஓரத்துல மேஸ்திரி நின்னு முறைக்குறாரு. தெற்குச் சுவத்துல காரு பாடி அடிக்குற ராட்சச ஸ்டாம்பிங் பிரெஸ். அத மெக்சிகோவோட பழைய ஆஸ்டெக் ஜனங்களோட தாய்த் தெய்வம் கோட்லிக்வே சிலை சாயல்ல வரைஞ்சிருக்காரு, உயிர குடுக்குறதும் எடுக்குறதும் அந்த சாமிதான். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைக்குற உங்களுக்கு இது யாரும் விளக்காமலே புரியும்.

எனக்கு ரொம்பப் புடிச்சது ஒண்ணு சொல்றேன், அவ்ளோ பெரிய சுவத்துல முடிஞ்ச காரு எங்கன்னு தேடித்தான் கண்டுபுடிக்கணும், அசெம்பிளி லைன் கடைசியில ரொம்ப தூரத்துல சிவப்பா துளியூண்டு இருக்கு. செய்யுறவன் முதுகும் தோளும்தான் பெருசு. இத்தனைக்கும் இதுக்குக் காசு குடுத்தது ஹென்றி ஃபோர்டு மகன் எட்சல் ஃபோர்டு. திறந்தப்ப இதச் சுண்ணாம்பு அடிச்சு அழிக்கணும்னு கூட சத்தம் போட்டாங்க, அவரு அசையல, படம் இன்னிக்கும் இருக்கு.

ஒரு விஷயத்த மட்டும் மறைக்கக் கூடாது. ரிவேரா வர்றதுக்கு முந்தின மாசம், 1932 மார்ச் 7, வேலை போன தொழிலாளிங்க பசி தாங்காம அதே ஃபேக்டரிக்கு ஊர்வலமா போனாங்க, போலீசும் கம்பெனி காவலாளுங்களும் சுட்டதுல அன்னிக்கே 4 பேரு செத்துட்டாங்க. அந்த ரத்தம் சுவத்துல நேரா எங்கயும் இல்ல. அந்தப் படத்த நான் எவ்ளோ கொண்டாடினாலும் இது உறுத்திட்டேதான் இருக்கு.

கேள்வி: அப்ப ஃப்ரீடா காலோவும் டெட்ராய்ட்லதான இருந்தாங்க? அவங்களுக்கு மெஷின் புடிச்சதா? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: ஆமாம்மா, அவங்களும் ஓவியர்தான், ரிவேராவோட மனைவியா அங்கதான் இருந்தாங்க. 1932 ஜூலையில ஹென்றி ஃபோர்டு ஆஸ்பத்திரியில அவங்க வயித்துல இருந்த குழந்தை கலைஞ்சு போச்சு. அத அவங்களே ஒரு தகரத் தகடு மேல வரைஞ்சாங்க, சின்னப் படம்தான். வெட்டவெளியில ஒரு இரும்புக் கட்டில், ரத்தம் ஊறுன விரிப்பு, அவங்க கையில இருந்து சிவப்பு நாடா மாதிரி ஆறு கோடு, ஒவ்வொண்ணு நுனியிலயும் ஒண்ணு கட்டியிருக்கு: குழந்தை, நத்தை, இடுப்பெலும்பு, ஆர்க்கிட் பூ இப்படி, அதுல ஒண்ணு மெஷின். பின்னாடி அடிவானத்துல என்ன தெரியுதுன்னு பாருங்க, அதே ரிவர் ரூஜ் ஃபேக்டரி. புருஷன் எந்த ஃபேக்டரிக்குள்ள நின்னு மலைச்சுப் போயி வரைஞ்சாரோ அது இவங்க கட்டில்ல இருந்து பாக்குறப்ப ரொம்ப தூரத்துல, இவங்க வலிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி நிக்குது. ரிவேரா வரைஞ்ச கிழக்குச் சுவத்துலயும் ஒரு குழந்தை இருக்கு, செடியோட கிழங்குக்குள்ள சுருண்டு படுத்திருக்கும், வேரு நாலாபக்கமும் மண்ணுக்குள்ள போகும். இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்கம்மா, தனித்தனியா பாத்தா பாதிதான் கிடைக்கும்.

கேள்வி: மனுஷனே மெஷினா மாறுற பயம் கம்ப்யூட்டர் வந்தப்புறம் வந்ததுதானே? (வாசகர், திருச்சி)

பதில்: இல்லங்க, ரோபோங்குற வார்த்தையே 1920ல கேரல் சாபெக்குங்குற செக் எழுத்தாளர் நாடகத்துல வந்தது, கட்டாய வேலைங்குற அர்த்தமுள்ள சொல்லுல இருந்து எடுத்தது. அதுக்கும் முன்னாடியே லண்டன்ல ஜேக்கப் எப்ஸ்டீன்னு ஒரு சிற்பி 1913ல ஆரம்பிச்சு, பாறை துளைக்குற நிஜ டிரில் மெஷின் ஒண்ண வாங்கி, அது மேல முகமூடி போட்ட மாதிரி முகத்தோட ஒரு இயந்திர மனுஷன உக்கார வச்சாரு, விலா எலும்புக்குக் கீழ வயித்துக்குள்ள ஒரு குழந்தை உருவம் வேற. செய்யுறப்ப அவருக்கு மெஷின் மேல அவ்ளோ ஆசை. அதுக்குள்ள முதல் உலகப்போர் வந்துடுச்சு, மெஷின் கன் மனுஷங்கள என்ன செய்யுதுன்னு உலகமே பாத்துச்சு. டிரில்ல தூக்கிட்டாரு, சிலையோட கால எடுத்தாரு, கைய வெட்டினாரு, இடுப்புக்கு மேல மிச்சம் இருந்தத உலோகத்துல வார்த்தாரு. இப்ப அத பாத்தா அடிபட்டுத் திரும்பி வந்த சிப்பாய் மாதிரி குனிஞ்சு நிக்குது, வயித்துல குழந்தை மட்டும் அப்படியே இருக்கு. தன் கையால செஞ்சத வெட்டுறதுக்கு எவ்ளோ மனசு வெந்திருக்கணும்!

கேள்வி: எல்லாம் வெளிநாடாவே சொல்றீங்க, நம்ம நாட்டுல இல்லையா? (வாசகி, ஈரோடு)

பதில்: இருக்கும்மா, அவசியம் பாருங்க, ரித்விக் கட்டக் 1958ல எடுத்த ‘அஜாந்த்ரிக்’ங்குற வங்காளிப் படம். பிமல்னு ஒரு டாக்ஸி டிரைவர், அவன்கிட்ட ஒரு ஓட்டை செவர்லே காரு, அதுக்கு ஜகத்தல்னு பேரு வச்சு மனுஷன் மாதிரியே பேசுறான், ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துனா அது குடிக்குற மாதிரி சத்தம் கேக்கும். ஊரே அவனப் பைத்தியம்னுது. கடைசியில காரு ஓடவே முடியாம போயி காயலாங்கடைக்குப் போயிடுது, அவன் உடைஞ்சு போயி நிக்குறப்ப எங்கயோ அந்த காரோட பழைய ஹாரன் சத்தம், திரும்பிப் பாத்தா ஒரு பச்சக் குழந்தை அத வச்சு அமுக்கி அமுக்கி விளையாடிட்டு இருக்கு.