மூன்று கடை, மூன்று பதில்: நீங்களே சரிபார்க்கும் வழி

கையிலிருக்கும் போன் புது நெட்வொர்க்கில் வேலை செய்யுமா என்று கேட்டதற்கு மூன்று கடையிலும் மூன்று விதமாகச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. கவுண்டரில் இருப்பவரின் கவனம் பெரும்பாலும் புது போனை விற்பதில்தான் இருக்கும்.

இனி அவர்களை நம்பிக் காத்திருக்க வேண்டாம். *#06# அழுத்தினால், போனின் தனி அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் வரும். நீங்கள் மாறப்போகும் நிறுவனத்தின் தளத்தில் போன் பொருந்துமா என்று பார்க்கும் பக்கம் இருந்தால் அதில் போடுங்கள். 'பொருந்தும்' என்று வந்தாலும் அதோடு விடாதீர்கள். அவர்கள் நெட்வொர்க்கில் உங்கள் மாடலுக்கு வோல்டிஇ, அதாவது 4ஜி வழியாகவே அழைப்பு பேசும் வசதி, கிடைக்குமா என்று தனியாகக் கேளுங்கள். 2ஜி, 3ஜி மூடப்பட்ட இடத்தில் அது இல்லையென்றால் இன்டர்நெட் ஓடும், ஆனால் சாதாரண அழைப்பு போகாது. கடைக்காரர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். போன் பழைய நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி லாக் ஆகியிருந்தால், அந்த லாக்கை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.

கட்டணத்தைப் புது நிறுவனத்தின் ஆன்லைன் சாட்டில் எழுதிக் கேளுங்கள்: வரியோடு மாதம் எவ்வளவு, சலுகை எத்தனை மாதம், நடுவில் விலகினால் என்ன பிடிப்பார்கள். பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

எண் புது சிம்முக்கு மாறி, அழைப்பு வந்து போவதைப் பார்க்கும்வரை பழைய இணைப்பைத் தயவுசெய்து ரத்து செய்யாதீர்கள். ரத்தான எண்ணைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.