டெம்ப்ஸ்டர் சாலையில் பழைய வேன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கனடாவின் யூகான் பகுதியில், டாசன் நகருக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் தொடங்கி இனுவிக் வரை போகிறது டெம்ப்ஸ்டர் சாலை. அதில் எங்கள் 1989-ஆம் வருட கேம்பர் வேனை ஓட்டிப் போனதைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. நான் எட்மண்டனில் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் வண்டி பற்றிய கேள்விகளே அதிகம். நானும் என் மனைவியும் அந்தச் சாலையில் மூன்று முறை போய் வந்திருக்கிறோம். அதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

முப்பது வயது தாண்டிய வண்டியை நம்பி 700 கிலோமீட்டர் ஜல்லிச் சாலையில் இறங்கலாமா?
வாசகர், மிசிசாகா

இறங்கலாம். பழைய வண்டியில் எஞ்சின் அவ்வளவு சீக்கிரம் கைவிடாது, ரப்பர்தான் கைவிடும். ரேடியேட்டர் ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். மொறமொறவென்று இருந்தாலும் சரி, கொழகொழவென்று இருந்தாலும் சரி, மாற்றிவிடுங்கள். ஃபேன் பெல்ட், பெட்ரோல் ஹோஸ், பிரேக் ஹோஸ் மூன்றையும் கிளம்புவதற்கு முன்பே புதிதாகப் போட்டுவிடுங்கள். கழற்றிய பழைய பெல்ட் இன்னும் உழைக்கும் நிலையில் இருந்தால் தூக்கிப் போடாமல் வண்டியிலேயே வையுங்கள்.

கேம்பர் வேன் என்றால் இன்னொரு கவலை உண்டு, சமையல் கேஸ். சாலை முழுக்கத் துணி துவைக்கும் பலகை மாதிரி வரி வரியாக இருக்கும். அந்த அதிர்வில் செப்புக் குழாயின் இணைப்புகள் மெல்ல மெல்லத் தளரும். என் மனைவி தினமும் காலையில் அடுப்புப் பற்றவைப்பதற்கு முன் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கரைத்து, பழைய பெயிண்ட் பிரஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவிப் பார்ப்பாள். இரண்டாவது பயணத்தில், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு நட்டின் ஓரத்தில் கடுகளவு நுரை கிளம்பி, உடைந்து, மறுபடி கிளம்பியது. ஸ்பேனரால் கால் சுற்றுத் திருகியதும் நின்றுவிட்டது. ஒரு நிமிட வேலைதான். அன்று அவள் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். கார்பன் மோனாக்சைடு அலாரமும் கேஸ் கசிவு அலாரமும் கட்டாயம் வேண்டும்.

பெட்ரோலுக்குப் பயப்பட வேண்டாம். சாலையில் இறங்கிய பிறகு வரும் முதல் பங்க் ஈகிள் ப்ளெயின்ஸில், சாலை தொடக்கத்திலிருந்து 369-ஆவது கிலோமீட்டரில். எங்கள் வண்டி 100 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் குடிக்கும். டாசனில் டேங்கை நிரப்பி, கூட 20 லிட்டர் கேனும் வைத்துக்கொண்டால் போதும். எந்த பங்க்கையும் நிரப்பாமல் தாண்டாதீர்கள்.

எத்தனை ஸ்டெப்னி எடுத்துப் போக வேண்டும்?
வாசகர், எட்மண்டன்

இரண்டு. ரிம்மோடு சேர்த்து இரண்டு. பஞ்சர் ஒட்டும் கிட்டும், பேட்டரியில் ஓடும் சிறிய காற்று பம்ப்பும் அதற்கு மேல்.

அந்தச் சாலையில் போட்டிருக்கும் கல் பல இடங்களில் தகடு தகடாக உடையும் ஷேல் வகை. ஓரம் கத்தி மாதிரி இருக்கும். வேகமாகப் போனால் டயரை வெட்டிவிடும், மெதுவாகப் போனால் பெரும்பாலும் விட்டுவிடும். நான் 60-ஐத் தாண்டுவதில்லை. எதிரே லாரி வந்தால் இன்னும் குறைத்து, வலது பக்கம் ஒதுங்கி, அது போய்ப் புழுதி அடங்கும் வரை ஊர்ந்து போவேன். கண்ணாடியும் தப்பிக்கும்.

ஒதுங்குவதிலும் ஒரு எச்சரிக்கை. சாலையின் ஓரம் பார்க்கக் கெட்டியாகத்தான் தெரியும், ஆனால் மண் பொதபொதவென்று இருக்கும். கேம்பர் வேன் மேல்பாரம் அதிகமுள்ள வண்டி. ஓரத்தில் சக்கரம் புதைந்தால் அப்படியே சரிவில் சாய்ந்துவிடும்.

ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓர் அடிச் சதுரப் பலகை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பயணத்தில் எனக்கு அந்த யோசனை வரவில்லை. ஈகிள் ப்ளெயின்ஸ் தாண்டி, ஆர்க்டிக் வட்டம் குறிக்கும் 405-ஆவது கிலோமீட்டரும் தாண்டிய பிறகு, வண்டியின் பின்பக்கம் வாலாட்டுவது போல அசைந்தது. இறங்கிப் பார்த்தால் வலது பின்டயர் தரையோடு படிந்திருக்கிறது. ஜாக்கியை வைத்துத் தூக்கினால் வண்டி எழவில்லை, ஜாக்கிதான் ஜல்லிக்குள் இறங்குகிறது. கடைசியில் அலமாரியின் தட்டு ஒன்றைக் கழற்றி அடியில் கொடுத்துத் தூக்கினோம். கொசு அப்பிக்கொண்டிருந்தது. ஜூலை மாதம், இரவு பதினொன்றரை மணி, அடிவானத்தில் இன்னும் வெயில்.

மழையில் ஓட்டி வந்த மறுநாள், 70 கிலோமீட்டர் வேகம் தொட்டதும் ஸ்டியரிங் பலமாக அதிர்ந்தது. பேரிங் போய்விட்டது என்று ஒரு மெக்கானிக் சொல்லிப் புதிதாக மாற்றினார். அப்புறமும் அதிர்வு நிற்கவில்லை. என்ன காரணம்?
வாசகர், கால்கரி

சேறாகத்தான் இருக்கும். புழுதி அடங்கவும் மேற்பரப்பு இறுகவும் அந்தச் சாலையில் கால்சியம் குளோரைடு தெளிக்கிறார்கள். மழை பெய்தால் அந்த மண் களிபோலக் குழைந்து ரிம்மின் உட்பக்கம் அப்பிக்கொள்ளும். காய்ந்த பிறகு சிமெண்ட்தான். ஒரு பக்கம் மட்டும் ஒரு கிலோ மண் ஒட்டியிருக்கும் சக்கரம் எப்படிச் சீராகச் சுழலும்? வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினால் தெரியும். ஊறவைத்துச் சுரண்டி எடுங்கள். ரேடியேட்டரின் முன்பக்கத்தையும் கழுவுங்கள். அது சேறால் அடைத்துக்கொண்டால் மேட்டில் ஏறும்போது எஞ்சின் கொதித்துவிடும்.

இத்தனை வருடமாகியும் ஏன் தார் போடவில்லை?
வாசகி, கோயம்புத்தூர்

அடியில் இருப்பது உறைந்த நிலம். மண்ணும் பனிக்கட்டியும் சேர்ந்து இறுகிக் கிடக்கிறது. மேலே உள்ள பாசியும் புல்லும்தான் அதற்குப் போர்வை. அந்தப் போர்வையைச் சுரண்டி எடுத்தால் வெயில் உள்ளே இறங்கிப் பனி உருகும், சாலை குழியாகிவிடும். அதனால் தரையைத் தொடாமல், அதன்மேல் ஜல்லியை 1.2 மீட்டரிலிருந்து 2.4 மீட்டர் வரை உயர்த்திக் கொட்டி, அந்த மேட்டையே சாலையாக்கியிருக்கிறார்கள். வீங்கியும் அமுங்கியும் கொண்டே இருக்கும் தரையில் தார் வெடித்துவிடும். ஜல்லி என்றால் கிரேடர் ஒரு தடவை இழுத்துச் சமன் செய்துவிடலாம். 1979-இல் திறந்த சாலை இன்றைக்கும் ஓடுவதற்கு அந்த மேடுதான் காரணம். 2017 நவம்பரில் இனுவிக்கிலிருந்து டக்டோயாக்டக் வரை சுமார் 138 கிலோமீட்டர் புதிய சாலை திறந்தார்கள். அதையும் இந்த மாதிரியே உயர்த்திப் போட்டு ஆர்க்டிக் பெருங்கடல் வரை கொண்டுபோயிருக்கிறார்கள்.

வண்டி நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது? சிக்னல் கிடைக்குமா?
வாசகர், டொராண்டோ

ஊர்களை விட்டால் சிக்னல் இல்லை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்களுக்கு முதலில் உதவிக்கு வந்தது மனிதர்தான். நான் சொன்ன அந்த இரவில், அலமாரித் தட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பிக்கப் வந்து நின்றது. ஃபோர்ட் மெக்ஃபர்சன் ஊரைச் சேர்ந்த ஒரு குவிச்சின் பழங்குடிப் பெரியவர். எதுவும் கேட்காமல் இறங்கி, என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி, நட்டுகளைத் தளர்த்த ஆரம்பித்துவிட்டார். டயரை மாட்டி முடித்த பிறகுதான் எங்கே போகிறீர்கள் என்றே கேட்டார். கிளம்பும்போது, "பீல் ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. ஃபெர்ரி நின்றிருந்தால் அங்கேயே படுத்துத் தூங்குங்கள், அவசரப்பட வேண்டாம்" என்றார். அவர் சொன்னபடியே ஃபெர்ரி ஓடவில்லை. ஆற்றங்கரையில் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தோம்.

பீல் ஆற்றுக்கும் மெக்கன்சி ஆற்றுக்கும் பாலம் கிடையாது. கோடையில் ஃபெர்ரி, கட்டணம் இல்லை. குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே வண்டி போகும். இடைப்பட்ட வாரங்களில் வழியே இல்லை.

அந்தச் சாலைக்குப் பெயர் வந்த கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரியவர் ஞாபகம் வரும். 1910 டிசம்பரில் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற போலீஸ் அதிகாரி மூன்று பேரோடு ஃபோர்ட் மெக்ஃபர்சனிலிருந்து டாசனுக்கு நாய்வண்டியில் கிளம்பினார். சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று உணவைக் குறைவாக எடுத்துக்கொண்டார்கள். வழி தெரிந்த குவிச்சின் ஆள் யாரையும் கடைசிவரை கூட வைத்துக்கொள்ளவில்லை. திரும்ப வேண்டிய ஓடையைக் கண்டுபிடிக்க முடியாமல் நால்வருமே இறந்துபோனார்கள். 1911 மார்ச்சில் அவர்கள் உடல்களைக் கண்டுபிடித்தவர் டெம்ப்ஸ்டர் என்ற இன்னொரு போலீஸ்காரர். அவருடைய குழுவில் வழிகாட்ட ஒரு குவிச்சின் ஆள் இருந்தார்.

இந்தியாவிலிருந்து வந்து வாடகை வேனில் போகலாமா?
வாசகர், சேலம்

ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள். ஜல்லிச் சாலையில் ஓட்டக் கூடாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். ஓட்டலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்.

அப்பாவுக்கு 66 வயது. 1991-ஆம் வருட வேன் ஒன்றை வாங்கி இரண்டு வருடமாகத் தானே சரிசெய்து வைத்திருக்கிறார். டெம்ப்ஸ்டரில் தனியாகப் போவேன் என்கிறார். எப்படித் தடுப்பது?
வாசகி, வின்னிபெக்

தடுக்காதீர்கள் அம்மா. இரண்டு வருடம் தன் கையாலேயே ஒரு வண்டியைக் கழற்றி மாட்டியவருக்கு அதன் ஒவ்வொரு சத்தமும் தெரிந்திருக்கும். அந்தச் சாலைக்கு அதைவிடப் பெரிய தகுதி தேவையில்லை. ஆனால் தனியாக வேண்டாம், நீங்களும் கூடப் போங்கள். வழியில் உடம்புக்கு ஏதாவது வந்தால் மருத்துவமனைக்கு டாசன் அல்லது இனுவிக்தான் போக வேண்டும். நடுவில் ஒரு நாள் தூரம் இருக்கிறது.

கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலில் வைத்து ஒரு டயரை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த டயரை நீங்கள் மாற்றுங்கள், அவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஆகஸ்ட் 20-க்கு மேல் போனால் கொசு குறைந்திருக்கும், டூம்ஸ்டோன் மலையடிவாரம் முழுக்கச் சிவந்திருக்கும். 82-ஆவது கிலோமீட்டரில் வரும் நார்த் ஃபோர்க் கணவாய்தான் அந்தச் சாலையிலேயே உயரமான இடம். அங்கிருந்து கொஞ்ச தூரம் நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வரட்டும்.