ஜன்னலில் உட்கார்ந்த பூனை ஏன் கையைக் கடித்தது?

கேள்வி: எங்கள் பூனை மிளகுக்கு மூன்று வயது. ஆண், கருத்தடை ஆபரேஷன் செய்தாகிவிட்டது. முதல் மாடி வீடு, வெளியே விடுவதில்லை. நாள் முழுக்க ஜன்னலில்தான் இருப்பான். வேப்பமரத்து அணிலையும் மைனாவையும் பார்த்துத் தாடையை வெடவெடவென ஆட்டி, 'கெக்கெக்' என்று விநோதமாகச் சத்தம் போடுவான். ஐந்து நாள் முன்பு, கீழ்வீட்டு ஜன்னலின் சன்ஷேடில் ஒரு தெருக் கடுவன் பூனை வந்து நின்றது. உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு உறுமிய மிளகைத் தூக்கப் போனேன். கையை ஆழமாகக் கடித்துவிட்டான். அன்று முதல் எங்கள் இன்னொரு பெண் பூனையைக் கண்டாலே சீறுகிறான். ஜன்னல் பக்கத்துச் சுவரில் சிறுநீரும் பீய்ச்சுகிறான். ஜன்னலை நிரந்தரமாக மூடிவிடலாமா? – வாசகி, திருச்சி

மருத்துவர் பதில்: பூனையைப் பற்றிப் பேசும் முன் உங்கள் கையைக் கவனிக்க வேண்டும். கடிக்கு மருத்துவம் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. இன்னும் போகவில்லை என்றால் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பூனைப் பல் ஊசிபோல மெல்லியது. மேலே சின்னப் புள்ளிதான் தெரியும். அது சீக்கிரம் மூடிக்கொள்ள, உள்ளே போன கிருமி மூட்டிலும் தசைநார் உறையிலும் சீழ் பிடிக்க வைக்கும். ரேபிஸ் தடுப்பூசியும் தேவைப்படலாம். மிளகின் தடுப்பூசி அட்டையை டாக்டரிடம் காட்டுங்கள், முடிவை அவர் எடுக்கட்டும். 'ஐந்து நாள் ஆகிவிட்டதே, இனி எதற்கு' என்று விட்டுவிடாதீர்கள். தாமதமானாலும் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசி அது. இனி எப்போது கடிபட்டாலும் முதல் வேலை, குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது.

ஜன்னலை மூட வேண்டாம். வீட்டுக்குள்ளேயே வாழும் பூனைக்கு அன்றாடம் புதிதாக ஏதாவது நடக்கும் இடம் அது ஒன்றுதான். மூடினால் அந்தத் தவிப்பு சோபாவைக் கிழிப்பதிலும் இன்னொரு பூனையைத் துரத்துவதிலும் போய் முடியும். ஜன்னலில் அவன் இரண்டு விதமான காட்சிகளைப் பார்க்கிறான். அணிலும் மைனாவும் இரை, கடுவன் எதிரி. உங்களைக் கடிக்க வைத்தது இரண்டாவது காட்சி.

அணிலைப் பார்க்கும்போது முகத்தைக் கவனியுங்கள். கண்மணி விரிந்திருக்கும், மீசை முன்னால் வளைந்திருக்கும், காது நிமிர்ந்து முன்னோக்கும், வால் நுனி மட்டும் துடிக்கும். இது வேட்டை ஆர்வம். தாடை ஆட்டமும் 'கெக்கெக்' சத்தமும் எட்டாத இரையைப் பார்த்த பரபரப்பில் வருபவை. வலிப்பும் இல்லை, நோயும் இல்லை. எதிரில் எதுவுமே இல்லாதபோதும், சாப்பிடும்போதும் தாடை ஆடினாலோ, எச்சில் ஒழுகினாலோ, உணவைக் கவ்விக் கீழே போட்டாலோ அது பல்வலியாக இருக்கலாம். அப்போது வாயைச் சோதிக்க வேண்டும்.

கடுவனைப் பார்க்கும்போது வேறு முகம். காது பக்கவாட்டில் படுத்துவிடும், முதுகுமுடி சிலிர்க்கும், வால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி பருத்துவிடும், அடித்தொண்டையிலிருந்து நீளமாக ஊளையிடுவான். தன் எல்லைக்குள் அந்நியன் நிற்கிறான், நடுவில் கண்ணாடி. பாய முடியாத ஆத்திரம் கைக்கு எட்டுகிற ஆள்மேல் பாய்கிறது. உங்கள் கையை 'உங்கள் கை' என்று தெரிந்து அவன் கடிக்கவில்லை. இந்த நிலையில் பூனையைத் தூக்கவோ தடவவோ கூடாது, கண்ணோடு கண் பார்க்கவும் கூடாது. திரைச்சீலையை இழுத்துக் காட்சியை மறையுங்கள், விளக்கை அணையுங்கள், அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் தடித்த போர்வையையோ அட்டையையோ நடுவில் பிடித்துத் தள்ளிக்கொண்டு போங்கள். கொதிப்பு அடங்கச் சில மணி நேரம் ஆகும். சில பூனைகளுக்கு நாள் கணக்கிலும் ஆகும்.

பெண் பூனை அந்த நேரம் பக்கத்தில் இருந்திருந்தால், சண்டையின் பயத்தை மிளகு அவளோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருப்பான். 'பழகிக்கொள்ளட்டும்' என்று ஒரே அறையில் விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. ஒவ்வொரு சீறலும் அந்த முடிச்சை இறுக்கும். இன்றே இருவரையும் தனித்தனி அறையில் வையுங்கள். ஒவ்வொரு அறையிலும் மணல் தட்டு, தண்ணீர், உணவு, படுக்கை இருக்கட்டும். ஆளுக்கொரு துண்டைப் படுக்கையில் விரித்து, தினமும் ஒருவர் துண்டை மற்றவர் அறைக்கு மாற்றுங்கள். சாத்திய கதவின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வையுங்கள். கதவிலிருந்து ஆறடி தள்ளித் தொடங்கி, சீறாமல் சாப்பிட்டால் மறுநாள் ஓரடி நெருக்குங்கள். கதவை ஒட்டியே இருவரும் நிதானமாகச் சாப்பிடும் வரை கதவைத் திறக்க வேண்டாம். பிறகு இரண்டு விரல் அளவு இடைவெளி. எந்தக் கட்டத்தில் சீறல் வந்தாலும் முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு ஒரு மாதத்துக்கு மேல். அவசரப்பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இனி ஜன்னல். உங்கள் வீட்டு அமைப்பில் ஒரு வசதி உண்டு: கடுவன் நிற்பது கீழே, சன்ஷேடில்; அணில் ஓடுவது மேலே, கிளையில். கண்ணாடியின் கீழ்ப்பாதிக்கு மட்டும் பாத்ரூம் ஜன்னலுக்கு ஒட்டும் மங்கலான ஃபிலிம் ஒட்டுங்கள். முதல் வாரம் செய்தித்தாளை ஒட்டிப் பார்த்து, எவ்வளவு உயரம் தேவை என்று தெரிந்தபின் ஃபிலிம் வாங்கலாம். பூனையின் கண் இருக்கும் உயரத்துக்கு உங்கள் தலையைக் கொண்டுபோய்ப் பாருங்கள்: மரம் தெரிய வேண்டும், சன்ஷேட் தெரியக் கூடாது. அந்த ஜன்னலை ஒட்டி உயரமான அலமாரியோ மேசையோ இருந்தால் எடுத்துவிடுங்கள். ஏறி நின்று ஃபிலிமுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிடுவான். அவன் உட்காரும் பலகையை வேறு ஜன்னலுக்கு மாற்றுங்கள். பலகை ஓரடி அகலமாவது இருக்கட்டும்; ஆடக் கூடாது, மேலே கோணித் துணியையோ பழைய கம்பளத்தையோ இறுக்கமாகச் சுற்றுங்கள். ஜன்னலுக்குக் கீழே யாராவது மீன் கழிவோ சோறோ வைக்கிறார்களா என்று பாருங்கள். அந்த இடத்தைத் தள்ளி மாற்றினாலே கடுவன் வரத்து குறையும். அவனுக்கும் கருத்தடை செய்ய விலங்கு நல அமைப்பு யாராவது உதவினால் இன்னும் நல்லது.

திறந்த ஜன்னலில் வெல்க்ரோ வைத்து ஒட்டிய கொசுவலையை நம்பாதீர்கள். மைனா வந்து உட்கார்ந்த வேகத்தில் நாலு கிலோ பூனை பாய்ந்தால் வலையோடு சேர்ந்து கீழே போகும். க்ரில் இருக்கிறதே என்றும் நினைக்க வேண்டாம். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை போட்டு, சட்டத்தைத் திருகாணியால் முடுக்குங்கள். நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகளை ஆராய்ந்து 1987-இல் முடிவை வெளியிட்டார்கள். மருத்துவம் பார்த்தவற்றில் பத்தில் ஒன்பது பிழைத்தன. ஆனால் நெஞ்சுக்குள் காற்றுக் கசிவு, மேலண்ணப் பிளவு, பல் உடைவு, கால் எலும்பு முறிவு என்று அவை பட்ட பாடு சிறிதல்ல. விழுந்த பூனை எழுந்து நடந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சுவரில் சிறுநீர் பீய்ச்சுவது எல்லைக் குறி. கருத்தடை செய்த ஆண் பூனைகளிலும் பத்தில் ஒன்று இப்படிச் செய்யும். ஜன்னலில் எதிரியைப் பார்ப்பது முக்கியமான தூண்டுதல். அந்த இடத்தை ஃபினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். அதிலுள்ள ஃபினால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது. காலில் ஒட்டியதை நக்கினால் விஷம். என்சைம் கலந்த துணி துவைக்கும் தூளை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துத் துடைத்து, வெறும் தண்ணீரால் இன்னொரு முறை துடைத்து, உலரவிடுங்கள். வீட்டில் இரண்டு பூனை என்றால் மணல் தட்டு மூன்று வேண்டும்.

இங்கே ஒன்றை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். நின்றபடி, வாலை நடுக்கிக்கொண்டு, சுவரில் பீய்ச்சினால் குறியிடல். குந்தி உட்கார்ந்து முக்கி, சொட்டுச் சொட்டாகப் போனாலோ, ரத்தம் கலந்தாலோ, பிறப்புறுப்பை ஓயாமல் நக்கினாலோ அது சிறுநீர்ப்பை நோய். மன அழுத்தமே அதைக் கிளப்பும். ஆண் பூனைக்குச் சிறுநீர் முழுக்க அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். முக்குகிறான், எதுவும் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வலி என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்துவிடவும் வேண்டாம்; ஒரே மாத்திரை பூனையைக் கொல்லும்.

பார்க்க மட்டுமே முடிகிற வேட்டையை நீங்கள் முடித்து வையுங்கள். பூனையின் வேட்டை பார்ப்பது, பதுங்குவது, பாய்வது, கவ்வுவது, தின்பது என்று போகும். கண்ணாடி முன் அது இரண்டாவதிலேயே நின்றுவிடுகிறது. காலையிலும் மாலையிலும் பத்துப் பத்து நிமிடம், குச்சி நுனியில் கயிறு கட்டி இறகைக் கோத்து, தரையோடு இழுத்து விளையாட்டுக் காட்டுங்கள். அவனை நோக்கி ஆட்டாதீர்கள், எந்த இரையும் பூனையை நோக்கி ஓடி வராது. நாலைந்து முறை நிஜமாகவே பிடிக்க விட்டு, உடனே சாப்பாட்டை வையுங்கள். லேசர் ஒளி மட்டும் காட்டி விளையாடுவது பிடிக்கவே முடியாத இன்னொரு அணில்தான்.

இரவில் ட்யூப்லைட் வெளிச்சத்துக்குக் கண்ணாடியில் ஒட்டும் பல்லியைப் பார்ப்பதில் கெடுதல் இல்லை, தின்பதில்தான் உண்டு. பல்லி வழியாக ஈரல் தட்டைப்புழு வரலாம். பசி குறைந்து, வாந்தி எடுத்து, ஈறும் காதின் உட்புறமும் மஞ்சளித்தால் பல்லி தின்றதை மருத்துவரிடம் சொல்லுங்கள்; வழக்கமான குடற்புழு மாத்திரையின் அளவு இதற்குப் போதாது.

இரண்டு வாரம் இப்படிச் செய்தும் சீறலும் பீய்ச்சலும் குறையவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். சிறுநீர்ப் பரிசோதனை செய்வார், தேவைப்பட்டால் பதற்றம் குறைக்கும் மருந்தும் எழுதுவார். போகும்போது மிளகு ஜன்னலில் இருக்கும் வீடியோவைப் போனில் எடுத்துக்கொண்டு போங்கள்; அவன் முகமும் வெளியே நிற்பது என்ன என்பதும் ஒரே காட்சியில் விழுமாறு பக்கவாட்டிலிருந்து எடுங்கள்.