தொழில் ஒருமுறை படுத்துவிட்டது, விடாமல் தொடரலாமா, வேறு எதற்காவது மாறலாமா?

நீங்கள் மெஷின் போட்டுத் தவணை கட்டிக்கொண்டிருப்பவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இனிமேல்தான் தொடங்கப்போகிறீர்கள் என்றால் இது உதவாது.

ஈரோட்டுப் பக்கம் பேப்பர் கப் போட்டுக்கொண்டிருந்தேன். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை என்று 2018 ஜூனில் சட்டசபையில் அறிவித்தார்கள். "நம்முடையது பேப்பர்தானே, இனி நம் காட்டில் மழை" என்று தொழிலில் பலருக்குச் சந்தோஷம். அரசாணை வந்தபோது பார்த்தால், தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் இருந்தது. அந்தப் பூச்சு இல்லாமல் கப்பே கிடையாது. டீ ஊறிவிடும் என்பது ஒரு பக்கம். சூட்டில் அந்தப் பூச்சு இளகினால்தான் தாளோடு தாள் ஒட்டும். ஆக, மெஷினுக்கே வேலை இல்லை.

உற்பத்தியாளர் சங்கம் வழக்குக்குப் போனது. தீர்ப்பு நல்லபடியாக வரும் என்று மெஷினை மூடிவைத்துக் காத்திருந்தவர்கள் உண்டு. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் பேப்பர் கப் தடை செல்லும் என்றுதான் சொன்னது. நான் தடை வந்த 2019 பொங்கலுக்கு முன்பே மெஷினை வடமாநில வியாபாரி ஒருவருக்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். மாமனார் அவசரக்குடுக்கை என்றார். தவணையை அவரா கட்டினார்?

சரக்கு போட்ட கடைகளை மட்டும் நான் விடவில்லை. பேக்கரி, டீக்கடை, சமையல் கான்ட்ராக்டர் எல்லோருக்கும் நாளைக்கும் ஏதாவது ஒன்று வேண்டுமே. பாக்கு மட்டைத் தட்டை முதலில் வாங்கி விற்றேன், அப்புறம்தான் சொந்தமாக பிரஸ் போட்டேன். மட்டையை ஊறவைத்துக் கழுவி, சூடான டையில், அதாவது அச்சில், அழுத்தினால் தட்டு. கேட்கச் சுலபம். மழைக்காலத்தில் சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடித்து மொத்தக் கட்டும் திரும்பி வரும்.

"ஏற்றுமதி செய்யாமல் என்ன தொழில்" என்று சிலர் எழுதுவீர்கள், தெரியும். 2025-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பாக்கு மரத்திலுள்ள ஆல்கலாய்டுகள் என்ற ரசாயனங்கள் உணவில் கலக்கலாம் என்று சொல்லி, இந்தத் தட்டுகளைத் துறைமுகத்திலேயே நிறுத்தலாம் என்று இறக்குமதி எச்சரிக்கை விட்டது. அந்த ஒரு நாட்டையே நம்பியிருந்தவர்கள் திண்டாடினார்கள். நான் தப்பித்தது புத்திசாலித்தனத்தால் என்று சொல்ல வரவில்லை, ஏற்றுமதி செய்ய என்னிடம் முதல் இல்லை. சுற்றுச்சூழல் விரோதி என்றும் சண்டைக்கு வராதீர்கள். பேப்பர் கப் தடை சரியா தப்பா என்பது வேறு பேச்சு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழில் மாறினாலும் பாக்கி வசூல் மாறவில்லை. சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் கூட்டு வட்டி என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. புகார் கொடுத்தால் அடுத்த முகூர்த்தத்து ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். ஆடியில் கேட்டால் "ஆவணி பிறக்கட்டும்ணா" என்கிறார்கள். ஆவணியில் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.