தனியாகப் போனால் டூர் கட்டணம் ஏன் கூடுகிறது?

சேலத்திலிருந்து ஐரோப்பாவுக்குத் தனியாக இரண்டு மாதம் போக நினைத்து, வழிகாட்டியுடன் கூடிய டூர்களை அடுத்தடுத்துக் கோத்துத் திட்டமிடுபவர்கள் முதலில் விழிப்பது 'சிங்கிள் சப்ளிமெண்ட்' என்ற வரியைப் பார்த்துத்தான். ஓர் அறையில் ஒருவர் மட்டும் தங்குவதற்கான கூடுதல் கட்டணம், அவ்வளவுதான்.

விளம்பரத்தில் உள்ள விலை பெரும்பாலும் 'ட்வின் ஷேரிங்' கணக்கு. அறையை இருவர் பகிர்வதாக வைத்துப் போட்டது. ஆனால் ஹோட்டல்காரர் வாடகை வாங்குவது அறைக்கு, ஆளுக்கு அல்ல. ஏற்காட்டில் கோடை விழா சமயத்தில் ஏரிப் பக்கம் ரூம் கேட்டுப் பாருங்கள், ஒருவர் தங்கினாலும் இருவர் தங்கினாலும் வாடகை ஏறக்குறைய ஒன்றுதான். பாதியை ஏற்க ஆளில்லை என்றால் அதுவும் உங்கள் தலையில்.

சில நிறுவனங்கள், அதே பாலினத்தவர் ஒருவருடன் அறையைப் பகிரச் சம்மதித்தால் இதை வாங்குவதில்லை. ஒரு வாரம் என்றால் சரி. மாதக்கணக்கில் என்றால், குறட்டைக்காரர் வாய்க்கும் அபாயத்தைவிடக் காசு கொடுத்துத் தூங்குவதே மேல் என்பேன். அப்புறம், டூர்களுக்கு நடுவே ஓரிரு நாள் இடைவெளி விடுங்கள். துணி துவைக்க, விமானம் தாமதமானால் சமாளிக்க. அந்த நாட்களும் ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா) கணக்கில் சேரும்: எந்த 180 நாளிலும் அதிகபட்சம் 90, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் சேர்த்து.

தனியாகப் போனால் டூர் விலையே இரட்டிப்பாகும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடுவது அறைப் பங்கு மட்டும்தான், பஸ், வழிகாட்டி, நுழைவுச்சீட்டுச் செலவில் மாற்றமில்லை.