மக்காச்சோள விஸ்கி எங்கே தோன்றியது? அதில் அந்த இனிப்பு எப்படி வருகிறது?

  மக்காச்சோளத்தில் செய்யும் விஸ்கிகளில் உலகம் அறிந்தது அமெரிக்காவின் பர்பன்.

இனிப்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பெரிய தவறான நம்பிக்கை அங்கேதான் இருக்கிறது. மக்காச்சோளத்தின் சர்க்கரைதான் விஸ்கியில் இனிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். சர்க்கரை ஆவியாகாது, வடிகலனைத் தாண்டி வரவே வராது. வனிலா, கருகிய சர்க்கரை, தேங்காய் என்று மூக்குக்கு எட்டும் மணங்களில் பெரும்பகுதி பீப்பாய் தந்தவை. மக்காச்சோளம் தருவது மென்மையான, வழவழப்பான வாயுணர்வும், லேசான தானிய மணமும்.

தோற்றம் 18-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. அப்பலாச்சிய மலைகளைத் தாண்டிக் கென்டக்கியில் குடியேறியவர்களில் ஸ்காட்லாந்து, அயர்லாந்து வழிவந்த பலருக்குச் சாராயம் வடிக்கத் தெரியும். பூர்வகுடிகள் காலங்காலமாகப் பயிரிட்ட மக்காச்சோளம் அந்த மண்ணில் நன்றாக விளைந்தது. மிஞ்சிய தானியம் பூஞ்சை பிடிக்கும், மலைப்பாதையில் சுமக்கவும் கட்டுபடியாகாது. விஸ்கியாக்கினால் கெடாது, ஒஹாயோ, மிசிசிப்பி ஆறுகள் வழியே படகில் நியூ ஆர்லியன்ஸ் வரை அனுப்பலாம். பிரெஞ்சு அரச வம்சத்தின் பெயர் தாங்கிய கென்டக்கியின் பர்பன் கவுண்டியிலிருந்து (மாவட்டம்) விஸ்கிக்குப் பெயர் வந்தது என்பது ஒரு கருத்து. நியூ ஆர்லியன்ஸின் பர்பன் தெருவிலிருந்து என்பது இன்னொன்று. எலைஜா கிரெய்க் என்ற பாதிரியார்தான் கண்டுபிடித்தார் என்ற கதைக்கு அவர் காலத்துச் சான்று கிடையாது. பல கைகள் சேர்ந்து உருவாக்கிய பொருள் இது.

எதைப் பர்பன் என்று சொல்லலாம் என்பதில் அமெரிக்கச் சட்டம் தெளிவானது. அமெரிக்காவில் செய்ய வேண்டும், தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். வடிக்கும்போது ஆல்கஹால் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பீப்பாய்க்குள் போகும்போது 62.5-ஐத் தாண்டக் கூடாது. பீப்பாய் புதியதாக, உட்புறம் கருக்கிய ஓக் மரத்தால் ஆனதாக இருக்க வேண்டும். நிறமோ மணமோ சேர்க்கக் கூடாது. மீதித் தானியம் பெரும்பாலும் கோதுமை போன்ற ரை என்ற தானியமும் முளைகட்டிய பார்லியும். மேக்கர்ஸ் மார்க் என்ற பர்பன் நிறுவனம் ரைக்குப் பதில் கோதுமை போடுகிறது. அதனால் காரம் குறைந்து மிருதுவாக இருக்கும்.

கூழ் காய்ச்சுவதில் வரிசை முக்கியம். மக்காச்சோள மாவுச்சத்து இறுகிக் கிடக்கும், எனவே முதலில் அதைக் கொதிநிலையை ஒட்டி வேகவைக்கிறார்கள். சுமார் 70 டிகிரிக்கு ஆறியதும் ரை, 63–65 டிகிரியில் பார்லி. அவசரப்பட்டுப் பார்லியைக் கொதிகூழில் கொட்டினால் நொதிகள் செத்துப்போகும். மாவுச்சத்து சர்க்கரையாகாது, ஈஸ்டுக்குத் தீனி இருக்காது. ரையைச் சூட்டில் போட்டால் கட்டிகட்டியாகத் திரளும்.

பர்பன் செய்வதில் 'சவர் மேஷ்' (புளிப்புக் கூழ்) என்ற முறையைப் பழைய இட்லி மாவைப் புதுமாவில் கலப்பதுபோல என்று விளக்குவார்கள். அது சரியல்ல. முந்தின வடிப்பில் ஆல்கஹால் போன பிறகு அடியில் நிற்கும் புளிப்பு நீரைத்தான் புதுக் கூழில் சேர்க்கிறார்கள். அதில் உயிருள்ள ஈஸ்ட் இல்லை, அமிலம்தான் இருக்கிறது. கென்டக்கியின் சுண்ணாம்புப் பாறை நீரில் இரும்பு கிடையாது, அது நல்லது. ஆனால் காரத்தன்மை உண்டு. இந்தப் புளிப்பு அதைச் சரிக்கட்டி, கெட்ட பாக்டீரியாவை அடக்கி, ஈஸ்டுக்கு வசதி செய்கிறது. 1830-களில் இதை அளந்து முறைப்படுத்தியவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் குரோ.

சுமார் 200 லிட்டர் பிடிக்கும் பீப்பாயை உள்ளே தீ வைத்து அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை கருக்குகிறார்கள். பழைய பீப்பாயின் ஒரு பலகையை வெட்டிப் பார்த்தால் எல்லாம் புரியும்: மேலே முதலைத்தோல் போல வெடித்த கரி, அதன் கீழே சர்க்கரை கருகிய செம்பட்டை, அதற்கும் உள்ளே விஸ்கி ஊறிய எல்லையைக் காட்டும் ஈரக்கோடு. கோடையில் விஸ்கி விரிந்து மரத்துக்குள் புகும், குளிரில் சுருங்கி அந்தச் சாற்றோடு திரும்பும். கிடங்கின் மேல்தளத்தில் வெப்பம் அதிகம். அங்கே அளவுக்கு மீறி வைத்தால் மரத்தின் துவர்ப்பு ஏறி நாக்கைப் பிடிக்கும். அதனால் பர்பனுக்கு வயது கூடக் கூட நல்லது என்ற கணக்கு எனக்கு உடன்பாடில்லை.

மக்காச்சோளத்தின் சுவையைத் தனியே அறிய, லேபிளில் 'கார்ன் விஸ்கி' என்று இருப்பதைத் தேடுங்கள். அதற்குக் குறைந்தது 80 சதவீதம் மக்காச்சோளம் வேண்டும். பீப்பாயில் வைத்தால் கருக்காததோ ஏற்கெனவே பயன்படுத்தியதோதான். மெல்லோ கார்ன் ஒரு நல்ல உதாரணம். அதையும் ஒரு பர்பனையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் சில துளி நீர் விட்டு முகர்ந்து பாருங்கள். பர்பனில் மட்டும் தூக்கலாக இருக்கும் வனிலாவும் கருகிய சர்க்கரையும் பெரும்பாலும் புதுப் பீப்பாய் சேர்த்தவை.