முதலில் கணக்கெடுங்கள்

வணக்கம் ஐயா,

எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் இருக்கும் குடிசைகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். கல்லூரி நண்பர்கள் சிலர் சேர்ந்து கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். ‘பார்க்கிறோம்’ என்றார்கள், அதோடு சரி. அந்த மக்களே எங்களோடு வரத் தயங்குகிறார்கள். அடுத்து என்ன செய்யலாம்?

க., மதுரை

அன்புள்ள க.,

அவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. மனு கொடுத்துவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போய்விடலாம். அதிகாரியின் கோபத்தைத் தாங்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

1981இல் மும்பை நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்த மகாராஷ்டிர அரசு முடிவெடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பிழைப்புக்கான உரிமையும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று 1985 ஜூலையில் தீர்ப்பு வந்தது. ஆனாலும் அகற்றுவதை அது தடுக்கவில்லை. 1976 கணக்கெடுப்பில் பதிவான நடைபாதைவாசிகளுக்கு மாற்று இடம் தரச் சொன்னது. பட்டியலில் இல்லாதவர்கள்?

அதே 1985இல்தான் மும்பையின் பைகுல்லா பகுதியில் ஸ்பார்க் என்ற தொண்டு அமைப்பு நடைபாதைக் குடும்பங்களைக் கணக்கெடுத்தது. எந்த ஊர், வந்து எத்தனை வருடம், என்ன வேலை என்று வீடு வீடாகக் கேட்டார்கள். அடுத்த வருடம் அந்தக் குடும்பங்களின் பெண்கள் ‘மகிளா மிலன்’ என்ற பெண்கள் அமைப்பாகத் திரண்டார்கள். தெருவுக்கு ஒரு பெண் தினமும் வீடு வீடாகப் போய் கையில் இருக்கும் சில்லறையைச் சேமிப்பாக வாங்குவார். தொகை சின்னதுதான். ஆனால் யார் வீட்டில் காய்ச்சல், யாருக்கு வேலை போச்சு என்பது அன்றன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிடும். எனக்கு இதுதான் அமைப்பு. கூட்டமும் கோஷமும் இதற்கு அப்புறம்.

இவர்களோடு நின்ற தேசியக் குடிசைவாசிகள் சம்மேளனத்தைக் கட்டி வளர்த்த ஜாக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். மும்பை ஜனதா காலனியில் குப்பை அள்ள ஆள் வராதபோது, பிள்ளைகளைத் திரட்டி ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைக் கொண்டுபோய் மாநகராட்சி அலுவலக வாசலில் போட வைத்தார். மற்ற நகரங்களிலும் குடிசைவாசிகள் தங்களைத் தாங்களே கணக்கெடுக்க வேண்டும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஜனதா காலனியை 1976இல் இடித்தே விட்டார்கள், ஆனால் மக்கள் சிதறவில்லை. மாற்று இடமான சீத்தா கேம்ப்பில் சேர்ந்தே குடியேறினார்கள்.

ஆகவே கரையில் உள்ள பெண்களிடம் போங்கள். நோட்டை அவர்கள் கையில் கொடுத்து, குடிசைக்கு எண் போடச் சொல்லுங்கள். எத்தனை வருடமாக இருக்கிறார்கள், ரேஷன் கார்டு உண்டா, பிள்ளைகள் எந்தப் பள்ளி, வேலை எவ்வளவு தூரம், எல்லாம் பதிவாகட்டும். நோட்டு அவர்களிடமே இருக்கட்டும், நகல் உங்களுக்குப் போதும். நோட்டீஸை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்தச் சட்டப்பிரிவு, எத்தனை நாள் கெடு என்று பார்த்து, வழக்கறிஞர் நண்பர்களிடம் உடனே பேசுகிறேன்.